எடின்பரோவில் அக்காவைக் காட்டியது

எங்கள் வீட்டார் எடின்பரோவுக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. அக்காவைக் காட்டப் போனார்கள். இதை இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அப்பாவின் போனில் அங்கே எடுத்த படங்களுக்கு ‘ஸ்கொட்லாந்து ஹொலிடே’ என்றுதான் பெயர்.

முந்தைய கோடையில், நாங்கள் இருக்கும் ரொறன்ரோவில் கோயிலைச் சுற்றி வரும்போது, அக்காவுக்குச் சொல்லாமல் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்துத் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்க விட்டார்கள். அது தெரியவந்ததும் அக்கா காருக்குள் ஒன்றுதான் சொன்னாள்.

"இனி என்னைக் கேளாமல் ஆருக்கும் காட்டினால் நான் வீட்டை விட்டுப் போயிடுவன்."

அம்மா ஓம் என்று தலையாட்டினார். அந்த ஓமுக்கு ஒரு வருடம்கூட ஆயுள் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எடின்பரோவில் இரண்டாம் நாள் காலை அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். கோட்டையில் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், அக்காவை எப்படியாவது அங்கே வரப்பண்ணு, அவளுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது, வாய் திறக்காதே என்றார். பெரியவர்களின் ரகசியம் கையில் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்குக் கோட்டையில் ஆசை இல்லை. ஊருக்குள்ளேயே இருக்கும் மலையில் ஏறவேண்டும் என்று சப்பாத்தைக் காலில் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன். நன்றாகவே அழுதேன்.

"சரி, மூக்கைத் துடை. உன்ரை பீரங்கியைப் பாத்திட்டு மலைக்குப் போவம்" என்றாள் அக்கா.

கோட்டையில் தூறிக்கொண்டிருந்தது.

"உந்த ரெயின்கோட்டைக் கழட்டு பிள்ளை, படம் எடுப்பம்" என்றார் அம்மா.

"மழைக்குள்ளையோ?"

"ஒரு படம்தானே."

அக்கா கழற்றினாள். ஒரு மணிக்குப் பீரங்கி வெடித்தது. அத்தனை சனமும் அதைப் பார்க்க, மூன்று பேர் மட்டும் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அன்ரி, ஒரு அங்கிள், நடுவில் குடை பிடித்தபடி அவர்களின் மகன்.

"அட, நீங்களும் இஞ்சையோ?" என்றார் அப்பா. அவ்வளவு மோசமான நடிப்பை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

அன்ரி அக்காவை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார், "பிள்ளை சப்பாத்தோடையே உவ்வளவு உயரம்தானோ?"

மகன்காரன் குடையைக்கூட அக்கா பக்கம் சரிக்கவில்லை.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் குனிந்தாள். "உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம், சர்ப்ரைஸ்" என்றேன், பெருமையாக.

அவள் ரெயின்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். "முந்தி உயரம்தான் அன்ரி. மழையிலை நனைஞ்சு சுருங்கிட்டன்" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கித் தனியாக இறங்கிப் போனாள்.

ஆள் கட்டை, வாய் நீளம் என்று அவர்கள் தட்டிக்கழித்தார்களாம். வீட்டில் அதற்குத்தான் கவலைப்பட்டார்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாலையில் சப்பாத்தெல்லாம் சேறாக அவள் ஹோட்டலுக்கு வந்தாள். வீட்டிலும் சரி, அங்கேயும் சரி, நானும் அவளும் ஒரே கட்டிலில்தான் படுப்போம். என் தலையணையை எடுத்து என் கையில் தந்தாள்.

"அம்மாவோடை போய்ப் படு."

அம்மாவின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து டிவியும் நன்றாகத் தெரியும். நான் துள்ளிக்கொண்டு போனேன்.