வாண வெளிச்சத்தில் வந்த பதில்

இரண்டு மூன்று வருடம் இருக்கும். பொங்கல் முடிந்த வாரக் கடைசியில், காரைக்கால் கடற்கரையில், ஊரே திரண்டு வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நின்று என் வீட்டுக்காரரை ஒரு கேள்வி கேட்டேன். அவர் காதில் விழக் கூடாது என்று நினைத்துக் கேட்ட கேள்வி அது. அதற்குப் பதில் வந்துவிட்டது.

எங்களுக்கு அரியலூரை ஒட்டிய கிராமம். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். அவர் அப்போது பெரம்பலூர் பக்கம் ஒரு கல் குவாரியில் இருந்தார். பாறையில் துளை போடுவது, வெடி வைக்கிறவர்களோடு கூடமாட நிற்பது, இதுதான் வேலை. ஒரே மகள், திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவரிடம் ஏதோ சரியில்லை என்று எனக்கு முதலில் தோன்றியதே அவர் நல்லவராக மாறியபோதுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். குழம்பில் உப்பு முதல் மகள் படிக்கிற படிப்பு வரை எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கிற மனிதர். அப்படிப்பட்டவர் திடீரென்று எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்ட ஆரம்பித்தார். என் அக்காவுக்கு அரும்பாவூர். போனில் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. சண்டை போடுற ஆம்பள சண்டைய நிறுத்திட்டான்னா மனசுல எதையோ வச்சிருக்கான்னு அர்த்தம், கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கோடி என்றாள்.

பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. போன் பண்ணினால் எடுக்க மாட்டார். அடுத்த நிமிடமே, வேலையா இருக்கேன், மெசேஜ் போடு என்று வரும். எழுத்துக் கூட்டவே யோசிக்கிற மனிதருக்கு மெசேஜ் மேல் அப்படி என்ன ஆசை? டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். சாப்பிட்டதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார். படுக்கும்போது நான் எதையாவது பேசினால், விளக்கு எரிகிற வரை பதில் வரும். அணைத்துவிட்டால் சுவரோடு பேசுவது போலத்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார். ஆனால் அது எல்லா வீட்டு ஆம்பளைக்கும் உள்ளதுதானே, அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இதெல்லாம் போகட்டும் என்றாலும் அந்தச் சட்டையை என்னால் விட முடியவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போட்டுப் போன நீலச் சட்டை பின்கழுத்தில் கிழிந்து வந்தது. கம்பியில் மாட்டிக்கொண்டது என்றார். தையல்காரியிடம் சொல்கிற பொய்யா அது? கம்பியில் மாட்டினால் துணி ஒரு கீறலாகக் கிழியும். இது காலரைக் கையால் கொத்தாகப் பிடித்து இழுத்த கிழிசல். தையல் விட்டு, துணி நைந்து, ஒரு பட்டன் தெறித்துப் போயிருந்தது. யாரோ ஒருத்தி உரிமையோடு பிடித்து இழுத்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுதுகொண்டே அந்தக் கிழிசலைத் தைத்தேன். தைக்கத் தைக்க அந்தக் கையைத் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் சனிக்கிழமைகள். குவாரி மிஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்லித் திருச்சிக்குப் போய் வருவார். ஒரு பையும் வராது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் போனை எடுத்தேன். வெறுமனே திருச்சி என்று ஒரு நம்பர் இருந்தது. அழுத்தினேன். எடுத்தது ஒரு பெண் குரல். வயதும் குறைச்சல்தான். சொல்லுங்க சார், இந்த வாரம் கண்டிப்பா வந்துடுவீங்கல்ல என்று காது கிழிகிற மாதிரிக் கத்தினாள். எவ்வளவு தைரியம் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு கட் செய்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவர் ஒரு நாள் வந்து, ரெண்டு பேரும் காரைக்கால் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோமா, கடற்கரையில் விழா நடக்குதாம், வாணவேடிக்கை விடுவாங்களாம் என்று கேட்டார். எங்களை அதுவரை கங்கைகொண்டசோழபுரம் தாண்டிக் கூட்டிப் போனதில்லை. அதுவும் நாள் முழுக்க வெடிச் சத்தத்தில் கிடக்கிற மனிதர், வெடி பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்கிறார்! அக்காவிடம் சொன்னேன். போ, போய் என்னதான் நடக்குதுன்னு பாரு, துணி எடுத்து வச்சுக்கோ, கண்ணையும் எடுத்து வச்சுக்கோ என்றாள்.

ஜெயங்கொண்டம் போய்க் கும்பகோணம் பஸ் பிடித்து, அங்கிருந்து காரைக்கால் போனோம். பஸ்ஸில் என்னை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார், அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஒத்துக்கொள்ளவில்லை. லாட்ஜில் இருந்தவர் குனிந்து எழுதிக்கொண்டே பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார். இவர் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். ஓஹோ, இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறார், குரல் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. நான் கடலை எங்கே பார்த்தேன், அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மணலில் இறங்கினோம். அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று தண்ணீரை நோக்கிப் போனார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பினார்கள், இவர் திரும்பவில்லை. அவருக்கு நேர் எதிரே மஞ்சள் சுடிதார் போட்ட ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இவள்தான்! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஆள் இரண்டு குழந்தைகளோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அலையில் காலை நனைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் சிரித்தார். நான் செருப்பைக் கீழே போட்டேன். எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது என்றால் நம்புவீர்களா?

இருட்டியதும் வாணவேடிக்கை ஆரம்பித்தது. முதல் வெடிக்கே என் கை தலைக்கு மேலே போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது அலமாரிப் பாத்திரம் ஆடும். கை தன்னாலே போய்ப் பாத்திரத்தைப் பிடிக்கும். கடற்கரையில் எந்தப் பாத்திரத்தைப் பிடிப்பது? பக்கத்தில் நின்ற அம்மா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மேலே சிவப்பும் பச்சையுமாக விரிந்து, கடல் மேல் கொட்டி, கண் கொள்ளவில்லை. சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. எல்லோரும் வாயை அசைத்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வானத்தைப் பார்க்கக் கூப்பிட்டு வந்த மனிதர் வானத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், நான் பேசினால் என் வாயையே உற்றுப் பார்ப்பார். எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று வேவு பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. மனசு பொங்கிவிட்டது. இந்தச் சத்தத்தில் எவனுக்குக் கேட்கப் போகிறது என்ற தைரியத்தில் வாய்க்குள்ளேயே கேட்டேன்.

"எவ அவ?"

எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல். ஆனால் அவர் முகம் மாறியது.

"எவளும் இல்ல புள்ள" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிச்சம் அணைந்து ஒரே இருட்டு. வெடிச் சத்தமும் நின்றிருந்தது. என்னது, எப்படிக் கேட்டுச்சு உங்களுக்கு என்று நன்றாகச் சத்தமாகவே கேட்டேன். பதில் இல்லை. என் முகம் இருக்கிற திசையில் எதையோ தேடுகிறவர் மாதிரி நின்றார். அடுத்த வாணம் மேலே போய் வெள்ளையாக விரிந்தது. அந்த வெளிச்சத்தில் மறுபடி கேட்டேன்.

"எப்படிங்க கேட்டுச்சு?"

"கேக்கல. பாத்தேன்."

அப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் வாணம் விட்டவர்கள் தயவில்தான். வெளிச்சம் வந்தால் நான் கேட்பேன், அவர் சொல்வார். வெளிச்சம் போனால் நின்றுவிடுவோம். வலது காது சுத்தமாகப் போய்விட்டதாம். இடது காதில் பக்கத்தில் நின்று பேசினால் கொஞ்சம் விழுமாம். எத்தனையோ வருடம் துளை மிஷினோடும் வெடியோடும் நின்ற காது, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. திருச்சியில் கத்தினவள் காது மிஷின் கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண். கேட்காதவர்களிடம் கத்திக் கத்தியே அவளுக்குப் பழக்கம். நான் போனில் அக்காவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டதைப் பார்த்து, தன்னைச் செவிடு என்றுதான் பேசிக்கொள்கிறோம் என்று அவரும் என் மேல் சந்தேகத்தோடேதான் இருந்திருக்கிறார். இது நல்ல கதையாக இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எதற்கு இங்கே கூட்டி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெடி விடறப்ப இங்க எல்லாருக்குந்தான் கேக்காது. உங்கூட சரிக்குச் சரியா ஒரு நாள் நிக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

அவர் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கத்திக்கொண்டுதான் சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் கத்திக்கொண்டுதானே இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த விசில் ஞாபகம் வந்தது. குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் விசில் ஊதுவார்கள். விசில் கேட்டதும் எல்லோரும் ஓடிப் போய்த் தூரத்தில் ஒதுங்க வேண்டும். விசில் கேக்குதா உங்களுக்கு என்று கேட்டேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். என் கேள்வியைப் பார்க்காமல் இருக்க அவருக்கு அது ஒன்றுதான் வழி. நான் விடுவேனா? தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். வெளிச்சத்துக்குக் காத்திருந்து மறுபடி கேட்டேன்.

"மத்தவங்க ஓடறதப் பாத்து ஓடுவேன்" என்றார்.

"பாக்கலன்னா?"

அவர் கை பின்கழுத்துக்குப் போனது. காலரைத் தடவிக்கொண்டார். ஒரு நாள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். விசில் ஊதி எல்லோரும் ஓடியது தெரியவில்லை. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் திரும்பி ஓடி வந்து, காலரைக் கொத்தாகப் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். சொன்னால் வேலைக்கு அனுப்ப மாட்டாய், மகள் படிப்பு முடியட்டும் என்றுதான் மறைத்தேன் என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்திலேயே ஓவென்று அழுதேன். அந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசி வாணம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். ஒரே இருட்டு. நான் சொல்ல வேண்டியது இன்னும் மீதி இருந்தது. போனில் டார்ச்சைப் போட்டு என் முகத்திலேயே அடித்துக்கொண்டேன். திங்கக்கெழம நீங்க குவாரிக்குப் போகக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். சரி என்றார். வெறுமனே தலையாட்டுகிற அந்தப் பழைய சரியாக இருக்கக் கூடாதே என்று, என்ன சொன்னேன் சொல்லுங்க என்று திருப்பிக் கேட்டேன். சொன்னார். அப்புறம்தான் டார்ச்சை அணைத்தேன்.

இப்போது அவர் குவாரியில் இல்லை. உடையார்பாளையம் பக்கம் ஒரு முந்திரிக்கொட்டை மண்டியில் மூட்டை எடை போடுகிறார். இடது காதில் மிஷின் இருக்கிறது. மறுபடி எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கிறார், வீடு பழையபடி கலகலப்பாகிவிட்டது. கரண்ட் போனால் எல்லோரும் டார்ச்சை எதிரில் அடிப்பார்கள், நான் என் மூஞ்சியில் அடித்துக்கொள்வேன். நான் சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மறைத்தாரா இல்லையா? மறைத்தார். என்ன மறைத்தார் என்பதில்தான் என் புத்தி ஒரே பாதையில் போய்விட்டது.

அன்றைக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தக் கூட்டாளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறிக்குழம்பு வைத்துச் சோறு போட்டேன். கூச்ச சுபாவம் உள்ள மனிதர், தலை குனிந்தபடியே சாப்பிட்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு போதுமா என்று கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

இப்போதும் யாராவது பின்கழுத்துக் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொண்டு வந்தால், எப்படிக் கிழிந்தது என்று நான் கேட்பதே இல்லை. நான் வாயாரச் சாபம் விட்ட ஒரு கைதான் என் தாலியைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்துவிடுகிறேன்.