ஒரே நாளில் நான்கு கடை திறந்த சந்தியாகு அண்ணன்

சந்தியாகு அண்ணன் போய்விட்ட சேதியை, பாம்பனிலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாள் அபிராமம் சந்தையில் சொன்னார். வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வள்ளத்திலேயே சாய்ந்தாராம். தம்பிகள் இருவரும் கரை சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டதாம். அடக்கமும் முந்தின நாளே ஆகிவிட்டது. யாரிடம் போய் அழுவது என்று தெரியாமல் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தெரிந்த சந்தைக்காரர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? நான் அவரை முதலில் பார்த்தபோது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். சந்தை நடுவில் அடுப்பு மூட்டி, நெத்திலிக் கருவாட்டை வறுத்து, போவோர் வருவோர் கையிலெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். மத்தியானத்துக்குள் அவர் சரக்கு காலி. என் வெங்காயம் அப்படியே கிடந்தது. "வாயால சொன்னா வாங்க மாட்டாக தம்பி, வாசம் காட்டணும்" என்றார். மணலில் போடாமல் பாயில் காயவைத்த கருவாடு அது. பல்லில் மண் கடிபடாத கருவாட்டை எங்கள் பக்கத்துப் பெண்கள் அன்றுதான் கண்டார்கள்.

அடுத்த மாதமே என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். கடற்கரை அவர் பொறுப்பு, உள்பக்கத்து ஊர்கள் என் பொறுப்பு. ஒரே வருஷத்தில் ஐந்து சந்தைகளைப் பிடித்தோம். ஏன் இத்தனை அவசரம் என்று ஒருமுறை கேட்டேன். "கடலுக்கு எங்க அண்ணனக் குடுத்தாச்சு. தம்பிக ரெண்டு பேரையும் சீக்கிரம் வள்ளத்த விட்டு எறக்கிரணும்" என்றார். வேறு ஆசை அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

அபிராமத்தைச் சுற்றி நான்கு ஊர்களில் நிரந்தரமாகக் கடை போடத் தீர்மானித்தார். ஒவ்வொன்றாகத் திறந்தால் அடுத்தவன் பார்த்து முந்திக்கொள்வான், ஒரே நாளில் திறக்க வேண்டும் என்பது அவர் யோசனை. அதற்குப் பங்குனியைத் தேர்ந்தெடுத்தார். அது கிறிஸ்தவர்களான அவர்களுக்குத் தவக்காலம். கறியை விட்டுவிட்டு மீன் தின்கிற நாட்கள். விரத நாளில்தான் கருவாடு ஓடும் என்று அவர் நம்பினார்.

எங்கள் ஊர்களிலோ பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எந்த வீட்டிலும் மீன், கறி என்று கவிச்சியே கிடையாது. இது எனக்குத் தெரியாதா? பாம்பனில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது அவர் என்னைக் கேட்கவும் செய்தார்.

"ஒங்க பக்கம் இந்த மாசம் வாங்குவாகள்ல?"

"வாங்குவாகண்ணே" என்றேன்.

நான்கு கடைப் பலகையிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் எழுதியிருந்தது. தள்ளிப்போட மனசு வரவில்லை. காப்புக் கட்டுவதற்குள் விற்றுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அற்பப் புத்தி.

திறந்த மூன்றாம் நாள் முதல் ஊரில் காப்புக் கட்டினார்கள். கடையை அடைத்தால் போதாது, சரக்கும் ஊருக்குள் இருக்கக் கூடாது என்றார்கள். வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் அங்கேயும் காப்பு. கடைசியில் நான்கு கடைச் சரக்கையும் கண்மாய்க் கரையில் இறக்கினோம். அன்றைக்கென்று கோடை மழை கொட்டியது. இரண்டு நாளில் எல்லாம் புழு.

சேதி கேட்டு ஓடி வந்தவர் புழுத்த மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் தலையைக் குனிந்து நின்றேன். காறித் துப்பியிருந்தால்கூட ஆறியிருக்கும். பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார். "நீ என்னய்யா செய்வ? ஒங்க சாமி வழக்கம் தெரியாம வந்தது என் தப்பு" என்றார்.

தம்பிகள் வள்ளத்தை விட்டு இறங்கவேயில்லை. ஆள் போதாமல் ஐம்பது வயதுக்கு மேல் அவரும் அதில் ஏறினார். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை சந்தித்தோம். காப்புச் சங்கதி உனக்கு முன்பே தெரியுமா என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கேட்காத கேள்விதான் அவர் எனக்கு விட்டுப்போனது. பாம்பன் கல்லறையில் அவர் தலைமாட்டில் நின்று, "தெரியும்ணே" என்றேன். பக்கத்தில் நின்ற தம்பி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.