கீழ்வீட்டுப் புகை

பொதுமக்கள் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் போக வேண்டும். முடிவு தெரியாவிட்டால், இன்னும் தெரியவில்லை என்றாவது ஓர் இடைக்காலப் பதில் போக வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இந்த விதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் அதன் மேல் முழங்கையை ஊன்றியிருந்தேன். ஆகவே, எங்கள் பேட்டையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு நான் எழுதிய புகாருக்கு எட்டாவது நாளும் பதில் வராதபோது எனக்குக் கோபம் வரவில்லை. முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இன்னொன்று, மேலதிகாரிக்கு நகலுடன்.

புகார் இதுதான்: கீழ்வீட்டுக்காரர் தம் சமையலறை ஜன்னலில் நின்று சிகரெட் பிடிக்கிறார். புகை என் ஜன்னலுக்குள் ஏறி வருகிறது. எனக்கு நாட்பட்ட நுரையீரல் நோய். தேக்காச் சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாம் மாடி வீடு என்னுடையது. அதில் காற்று வருகிற இடம் அந்த ஜன்னல் ஒன்றுதான். மூடினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் இருமுகிறேன். இதை வீட்டில் சொல்ல ஆளில்லை. மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெர்த்தில் இருக்கும் மகளிடம் சொன்னால் கிளம்பி வரச் சொல்வாள்.

நானும் புகைத்தவன்தான். விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விட்ட பிறகும் நோய் ஏன் வளர்கிறது என்று கேட்டதற்கு, டாக்டர் ஒரு தாளில் மூச்சுக்குழாயை வரைந்தார். புகை பட்டதும் உடல் அங்கே வெள்ளணுக்களை அனுப்புகிறது. அவை எதிரியை அழிக்க, வெறிபிடித்த ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகின்றன. எதிரி போன பிறகும் சிலருக்கு அவை கலைவதில்லை. கக்கியது நம் திசுவையே சுடுகிறது, சுட்ட இடம் அழற்சியாகிறது, அழற்சியைப் பார்த்து இன்னும் அணுக்கள் வந்து சேர்கின்றன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவசரத்துக்கு அமைத்த குழு, அவசரம் தீர்ந்ததும் தனக்கான வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குச் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் புகை போதும், மறுபடி கிளம்பிவிடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

ஆதாரம் இல்லாத புகார் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: நாள், நேரம், காற்றின் திசை, புகை வாடை, இருமல், மூச்சு மருந்து எத்தனை முறை. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். அப்படி ஜன்னலோரம் உட்கார்ந்ததில் கீழே இருப்பவரின் நாள் முழுவதும் எனக்குப் பழகிப்போனது. காலையில் கெட்டில் விசிலடிக்கும். பிறகு சீன வானொலி. பிறகு லைட்டரின் சொடுக்கு. அவரும் இருமுவார். சில சமயம் ஏதோ சொல்வார். பதில் குரல் வராது. இதையெல்லாம் நான் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாவது நினைவூட்டலோடு இணைக்க மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மூச்சு மருந்தை இழுக்கக் கற்றுத்தரும் தாதி ஒரு தமிழ்ப் பெண். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பக்கங்களைப் புரட்டினாள்.

“அங்கிள், இவர் டெய்லி பிடிக்கிறாரா?”

தினமும், மூன்று வேளையும் என்றேன். வழக்கில் வென்றுவிட்ட குரலில் சொல்லியிருப்பேன்.

“அப்புறம் ஏன் செவ்வாய், வெள்ளி மட்டும் இவ்வளவு இருமல்? மத்த நாள்ல ரெண்டு மூணு தடவைதான் போட்டிருக்கீங்க. அந்த ரெண்டு நாள் வீட்ல என்ன பண்றீங்க?”

ஒன்றுமில்லை என்றேன். சாயங்காலம் சாம்பிராணி போடுவேன், அவ்வளவுதான்.

அவள் என் பழைய படிவத்தை எடுத்துக் காட்டினாள். வீட்டுக்குள் புகை உண்டா என்ற கேள்விக்கு எதிரே, இல்லை என்று அழுத்தமாக டிக் செய்திருந்தேன். பொய் சொல்லும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அதைப் புகை என்று நான் நினைத்ததே இல்லை.

“அது சாமிக்கும்மா.”

“லங்ஸுக்கு அது தெரியாது லா, அங்கிள்.”

எனக்குச் சாமி மேல் பெரிய ஈடுபாடு கிடையாது. மனைவிதான் கரியை மூட்டித் தூபக்காலை அறை அறையாக எடுத்துப் போவாள். செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும் என்னைக் காலைத் தூக்கச் சொல்லி அதட்டுவாள். அவள் போன பிறகு நானே போடத் தொடங்கினேன். போட்டுவிட்டு எல்லா ஜன்னல்களையும் சாத்திக்கொள்வேன், வாசனை வெளியே போய்விடக் கூடாது என்று. கண்ணை மூடிக்கொண்டால் வீட்டில் இன்னொருவர் நடமாடுவதுபோல இருக்கும். அப்புறம் இருமல் வரும். ஜன்னலைத் திறந்து, நோட்டை எடுத்து, கீழ்வீட்டின் மேல் எழுதுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை போடவில்லை. தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சில வாரங்களில் நோட்டில் எண்கள் இறங்கின. வீட்டில் தரை துடைக்கும் மருந்தின் வாடை மட்டும் இருந்தது.

அந்த நாட்களில்தான் கீழ்வீட்டுக்காரரை லிஃப்ட்டில் சந்தித்தேன். என்னைவிட மூத்தவர், ஒல்லி. சட்டைப் பையில் என்னுடையதைப் போலவே மூச்சு மருந்தின் நீலக் குழல். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். மேல்வீட்டு இருமல் இப்போது குறைந்திருக்கிறது, நல்லது, என்ன மருந்து என்று விசாரித்தார். தமக்கு எந்த மருந்தும் கேட்கவில்லையாம். சிகரெட்டை மட்டும் விட முடியவில்லையாம்.

“யூ காஃப், ஐ நோ அப்ஸ்டேர்ஸ் காட் பீப்பள்,” என்றார். நான் இருமினால்தான் மேலே ஆள் இருப்பது அவருக்குத் தெரியுமாம்.

அவர் மேல் மூன்று கடிதம் எழுதியிருப்பதை நான் சொல்லவில்லை. கீழே இறங்காமல் அதே லிஃப்ட்டில் வீட்டுக்குத் திரும்பி, புகாரைத் திரும்பப் பெறுவதாக நான்காவது கடிதம் எழுதினேன். அனுப்பும்போதே அதன் கதி எனக்குத் தெரியும். ஒரே தலைப்பில் வரும் கடிதத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அதுவும் நினைவூட்டல் என்று அதே கோப்பில் சேரும், கோப்பு அவசரக் கோப்பாகும். நானே அப்படிச் சேர்த்திருக்கிறேன். தொலைபேசியிலும் சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

பிறகு ஒரு காலை கெட்டில் விசில் கேட்கவில்லை. வானொலியும் இல்லை. மறுநாளும் அப்படியே. அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்களோ என்று பயந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழ் ஜன்னல் இறுக மூடியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

அதற்குப் பின்தான் கடிதம் வந்தது. சொந்த வீட்டுக்குள் புகைப்பதைத் தடுக்க விதி இல்லாவிட்டாலும், அதிகாரிகள் இருமுறை நேரில் சென்று எடுத்துரைத்ததன் பேரில், சமையலறை ஜன்னலை எப்போதும் மூடி வைத்துக்கொள்ளக் கீழ்வீட்டுக்காரர் இசைந்துள்ளார். இது தங்களுக்குத் திருப்தியளிக்கும் என நம்புகிறோம். எழுதியவர் கெட்டிக்காரர், நான் திருத்த ஒரு கால்புள்ளிகூட இல்லை.

ஒரு மாடி இறங்கி அவர் கதவைத் தட்டலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொன்னால், மூடச் சொன்னது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக வந்தது. அன்று தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போடும் நாள். தூபக்கால் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது.