மைனியின் பட்டன்

இரணியலில் அண்ணன் வீட்டு டிவிக்குக் கீழே இரண்டு கன்ட்ரோலர்கள் கிடக்கும். ஒன்று புதுக் கருக்கு கலையாமல் இருக்கிறது. மற்றதில் ஒரே ஒரு பட்டன் மட்டும் குறி அழிந்து வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அது மைனியுடையது, அதாவது அண்ணன் பெண்டாட்டியுடையது. அங்கே போகும்போதெல்லாம் அதை எடுத்து ஒருமுறை தடவிப் பார்ப்பேன்.

கல்யாண லீவு முடிந்து அண்ணன் வளைகுடாவுக்குத் திரும்பியபோது மைனி எங்களோடு இருந்தாள். அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. போனில் ‘சாப்பிட்டியா’வுக்கு மேல் பேச்சு ஓடாது, இருவரும் அப்படியொரு வாயாடிகள்! அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் அங்கிருந்தும் மைனி இங்கிருந்துமாக ஆன்லைனில் சண்டை கேம் ஆடினார்கள். மைனிக்கு அடி வாங்க மட்டுமே தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன், “உன்கூட ஆடி ஒரு ரசமும் இல்ல, நான் கூட்டுக்காரனுவகூட ஆடப் போறேன்” என்று கட் செய்துவிட்டான்.

“இந்த ஒரு மணி நேரமும் போச்சுன்னா எங்களுக்கு என்னட்டி மிச்சம்?” என்று மைனி என்னிடம் கேட்டாள்.

மறுநாளே பயிற்சியில் உட்கார்ந்துவிட்டாள். கேம் பைத்தியமான நான் கற்றுத்தர வந்த வித்தைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடி வந்து விழும் நேரத்தில் சரியாக ஒரு பட்டனை அழுத்தினால் எதிராளி தடுமாறிப் போவான். ஆனால் அண்ணனோடு ஆடும்போது, அத்தனை தூரம் போய்ச் சேர்வதற்குள் அழுத்தியது தாமதமாகிவிடும். ஆகவே அவன் உதைக்க முழங்காலை மடக்கும்போதே, முன்கூட்டியே அழுத்தப் பழகினாள். தோற்ற ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். “தோத்தா தோக்கட்டு, எங்கன தோத்தேன்னு பாப்போம்” என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் என்னிடம் தாமதமே கிடையாது, அதனால் அவள் முந்தி அழுத்துவது பலிக்காது. நான் அடித்துத் துவைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. “உன்னையா எனக்கு ஜெயிக்கணும்?”

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனின் உதை பலிக்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. “கொள்ளாமே! எப்போ படிச்ச நீ?” என்று மெச்சினான். அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் நீண்டுகொண்டே போனது. நடுநடுவே பேச்சும் வந்தது.

பிறகு அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தான். முதல் நாளே இருவரும் சோபாவில் அருகருகே உட்கார்ந்து ஆடினார்கள். மைனி தோற்றாள். மறுபடியும் தோற்றாள். ஒவ்வொரு முறையும் அவள் விரல் முந்திக்கொண்டது.

“என்னாச்சு உனக்கு? நான் அங்க இருந்தப்போ என்னை ஓட விட்டியே?”

மைனி கன்ட்ரோலரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். கண் நிறைந்து சிரித்தாள். “பக்கத்துல இருக்க ஆளுகூட ஆடி எனக்குப் பழக்கமில்லல்லா? இனி முதல்லேருந்து படிக்கணும்.”

போன வாரம் போயிருந்தேன். தேய்ந்த பட்டனில் விரலை வைத்து, அவசரப்படாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். அண்ணன் எழுந்து போகவில்லை.