கிட்டவும் கிட்டியும்

“…கிட்டன்னா இன்னும் கிட்டல சாரே, கிட்டின்னாத்தான் கிட்டி! இதுல மனசிலாகாம இருக்க என்ன இருக்கு?”

என்னோடு வேலை பார்க்கும் அக்கா இப்படிக் கேட்டபோது, எங்கள் டீம் லீடர் திறந்த வாயை மூடவில்லை. அக்காவின் திரையில் நான்கு பேர் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நின்றார்கள். நான் பட்டன்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அன்றைக்கு அக்காவின் பகல் ஷிப்ட் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்ததால் சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

அந்த நான்கு பேரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்காவின் கோபம் யாருக்கும் விளங்காது.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஹைவேயைப் பார்த்து நிற்கும் ஒரு கட்டிடத்தில் எங்களுக்கு வேலை. வெளிநாடுகளில் எங்கெங்கோ ஸ்கைடைவிங் போட்டி நடக்கும். நான்கு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள். பாராசூட்டை விரிப்பதற்கு முன்னால், விழுகிற விழுகையிலேயே ஒருவரை ஒருவர் பிடித்து உருவங்கள் போடுவார்கள். ஐந்தாவதாக ஒருவர் தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு கூடவே விழுந்து அதைப் படம் பிடிப்பார். அந்தப் படத்தில் எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள் என்று நாங்கள் குறி போட வேண்டும். நாங்கள் போடுகிற குறிகளைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் பிற்பாடு தானாகவே மார்க் போடக் கற்றுக்கொள்ளுமாம். கற்றுக்கொண்ட பிறகு நாங்கள் என்ன செய்வோம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் எங்கள் வேலை என்னவென்று சொன்னபோது, “ஆகாசத்துலேந்து விழுந்து வந்தாலும் இங்க ஐடி கார்டு காட்டணும்” என்றார். கேன்டீன் சேச்சிக்கு அதுவும் போதவில்லை. “மேலேந்து விழுறவனுக்கு மார்க்கு. போன மாசம் படிக்கட்டுல விழுந்த எனக்கு பிளாஸ்திரி.” இந்த மாதிரிப் பேச்சுகளைச் சேர்த்துவைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நான் அந்த வேலையில் ஒரு மழைக்காலம்கூட தாண்டியிருக்க மாட்டேன்.

நான் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாறசாலைப் பக்கத்துக்காரி. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. இங்கிலீஷை திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றபோது சேலை வாங்க வந்தவர்களின் வாயிலிருந்து பிடித்துக்கொண்டேன். ஆகையால் போட்டி விதிகளை இங்கே என் கையில் கொடுத்தபோது பாடப்புத்தகம் மாதிரி விழுந்து விழுந்து படித்தேன். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. குதிப்பதற்கு முன்பே எந்தெந்த உருவம், எந்த வரிசை என்று குலுக்கிப் போட்டு எடுத்துவிடுவார்கள். விமானத்தை விட்டு வெளியே வந்ததிலிருந்து முப்பத்தைந்து விநாடி. அதற்குள் எத்தனை உருவத்தைச் சரியாகப் போடுகிறார்களோ அத்தனை பாயிண்ட். வரிசை முடிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சரியான ஆள் சரியான இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். கையைப் பிடிக்க வேண்டியவர் காலைப் பிடித்தால் பாயிண்ட் கிடைக்காது. அதைத் திருத்தாமலே விட்டுவிட்டால் கையில் இருக்கும் பாயிண்டிலிருந்தும் கழிப்பார்கள். பிடித்தது கேமராவில் தெரியாவிட்டால் பிடிக்காததற்குச் சமம்.

எனக்குப் படித்தவுடன் பிடித்துப்போன விதி ஒன்று உண்டு. ஒரு உருவம் முடிந்ததும் நான்கு பேரும் எல்லாப் பிடியையும் விட்டு, ஒருவர் கையும் இன்னொருவர்மேல் இல்லாத ஒரு கணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு கை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த உருவம் கணக்கில் சேராது. அக்காவிடம் இதைப் படித்துச் சொன்னபோது, “நல்ல விதிதான். என் வீட்டுக்காரரோட மொபைலுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்” என்றாள்.

அக்காவுக்கு விதுராவுக்கும் மேலே, பொன்முடி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு வீடு. பெற்றோர் எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்த தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டும் அவள் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்தவை. நெடுமங்காட்டில் பஸ் மாறி, கழக்கூட்டத்தில் இறங்கி, ஹைவே தூசியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரும்போதே அவளுக்குப் பாதி நாள் முடிந்த களைப்பு இருக்கும். “இவனுங்களுக்கு மேலேந்து கீழ வர ஒரு நிமிஷம். எனக்கு மலைலேந்து கீழ வர ரெண்டு பஸ்ஸு” என்பாள்.

வேலையை இரண்டு இரண்டு பேராகச் செய்ய வேண்டும். ஒருவர் படத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் பட்டனை அழுத்த வேண்டும், பிடித்ததற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று. அழுத்துகிறவர் திரையில் படம் இருக்காது. ஓடுகிற நேரக்கோடு மட்டும்தான். பார்க்கிறவரே அழுத்தினால் கண்ணும் கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நிற்கும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கக் கூடாது, ஓடுகிற வேகத்தில்தான். ஒரே ஆளின் கண் நாள் முழுக்கப் பார்க்கவும் கூடாது. அதனால் காலையில் நான் பார்ப்பேன், அக்கா அழுத்துவாள். சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலி மாறிக்கொள்வோம்.

நாளாக ஆக இந்த வேலை உடம்பில் ஏறிக்கொண்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற கைகளைப் பார்த்தால், எது சரியான பிடி என்று மனம் ஓடும். கோயில் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தபோது ‘ஆச்சு’ என்று வாய்க்குள் சொன்னேன். பக்கத்திலிருந்த அத்தை, “இனிமேத்தானே எல்லாம் இருக்கு” என்றாள். கண்ணை மூடினால் நீலம். நீலத்தில் நான்கு பேர். எத்தனை பேர் விழுவதைப் பார்த்திருப்போம், ஒருவர்கூட தரையைத் தொட்டதைப் பார்த்ததில்லை. படம் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆரம்பத்தில் அவர்கள் ஒரு பூ மாதிரி கூடும்போது அக்காவும் நானும் ‘ஹா’ என்று சொன்னதுண்டு. பிறகு அதையெல்லாம் சொல்லத் தெம்பில்லை.

அந்த நேரத்தில்தான் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. எங்கள் குறிகளை நிஜப் போட்டியில் நடுவர்கள் கொடுத்த பாயிண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். காலையில் போட்டவை ஒத்துப்போயின. மத்தியானம் போட்டவை எல்லாவற்றிலும் பாயிண்ட் கூடுதல். பிடிக்காததையெல்லாம் பிடித்ததாக எழுதியிருந்தோம். மத்தியானம் பார்ப்பது அக்கா. லீடர் அவளைக் கூப்பிட்டு, “சேச்சி, கண்ணு ஒண்ணு காணிக்கணும்” என்றார். கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுகிறார்.

அக்கா நெடுமங்காட்டில் போய்க் காட்டினாள். மறுநாள் வந்து நாற்காலியில் விழுந்தாள். “கண்ணு நல்லாத்தான் இருக்காம் மோளே. அந்த ஆளு எழுத்தைத்தானே காட்டுனாரு, குதிக்கிறவனைக் காட்டலையே.”

மத்தியானக் கணக்கு அப்படியே இருந்தது. லீடரும் கெட்டவரில்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே வேறு நாட்டில் ஒருவர். ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் வந்து நின்றுகொண்டு, எங்களுக்காகத் தமிழை வரவழைத்துப் பேசினார்: “இன்னைக்கு நான் பின்னால இருந்து பார்க்கும். கணக்கு ஒத்துப்போனா, சேச்சி பகல்ல தொடரட்டும். இல்லெங்கில் திங்கள் முதல் நைட் ஷிப்ட், ரசீது டைப் பண்ற செக்‌ஷன். எனக்கு வேற வழியில்லா.”

நைட் ஷிப்ட் என்றால் அக்காவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் அவளும் வீட்டில் இல்லை என்றால் இரண்டு சின்னப் பிள்ளைகள் தனியாகக் கிடக்க வேண்டும். சில நாள் ஆனை இறங்குகிற இடம் அது. ஆக, நைட் ஷிப்ட் என்று அவர் சொன்னால், வீட்டில் இரு என்று சொன்ன மாதிரிதான்.

லீடர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் பின்னால் உட்கார்ந்தார். படம் ஓடியது. அக்கா திரையில் மூக்கு முட்ட உட்கார்ந்து வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே போனாள். “கிட்ட… கிட்ட… கிட்டி. விட்டு. கிட்ட…” நான் தட்டிக்கொண்டே போனேன். நடுவில் லீடர், “நிறுத்து, நிறுத்து” என்றார். “சேச்சி, அவங்க பிடிக்கவே இல்லையே. அதுக்குள்ள எதுக்குக் கிட்டின்னு சொல்றது?”

“நான் எங்க கிட்டின்னு சொன்னேன்? கிட்டன்னுதானே சொன்னேன்!”

“கிட்டின்னுதான் எனக்குக் கேட்டது.”

அப்போதுதான் அவள் திரும்பி, ஆரம்பத்தில் நான் எழுதினேனே, அதைக் கேட்டாள்.

எனக்குத் தலையில் விளக்கு எரிந்த மாதிரி இருந்தது. அக்காவின் ‘கிட்ட’ தமிழ். பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறான், இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவளுடைய ‘கிட்டி’ மலையாளம். கிடைத்துவிட்டது, பிடித்துவிட்டான். இரண்டு பாஷையும் தெரிந்த என் காதுக்கு இரண்டுமே வீட்டு வார்த்தை. அவசரத்தில் கடைசி எழுத்தை அவள் விழுங்கிவிடுவாள், நான் தட்டிவிடுவேன். நல்ல தமிழ்நாட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. தனி மலையாளி உட்கார்ந்திருந்தால் அக்கா மலையாளத்திலேயே சொல்லியிருப்பாள், ‘கிட்ட’ என்ற வார்த்தைக்கே வேலை இருந்திருக்காது. நாங்கள் இருவரும் சேர்ந்தால்தான் வரும் தப்பு அது.

லீடர் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. “காரணம் மனசிலாச்சு. மெயில்ல இதை எப்படி எழுதுவேன்? வார்த்தையை மாத்துங்க. இன்னொரு படம் போடறேன், அதுதான் கடைசி.”

ஒத்திகைக்கு ஒரு பழைய படத்தைப் போட்டோம். நான் காலையில் சொல்வதுபோல ‘ஆச்சு’ என்று சொல்லச் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். படம் ஓடியது. “கிட்ட… கிட்ட… ஆ…” ‘ஆச்சு’ வருவதற்கு முன்பே, ‘கிட்ட’வுக்கே என் விரல் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு பார், பிடித்தால் மட்டும் திற என்றேன். “வாயை மூடினா எனக்குக் கண்ணும் மூடிக்கும் மோளே.” அதுவும் உண்மைதான். பிற்பகலில் அந்த ஏசி குளிரில் தூங்காமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி பேச்சு.

லீடர் மணியைப் பார்த்தார். கீழே ஹைவேயில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்தாள். என் இடது கையைத் தூக்கித் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“சாரே, இனி போடுங்க.”

படம் ஓடத் தொடங்கியதை நேரக்கோட்டில்தான் பார்த்தேன். அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் காதில் வாங்கவில்லை. முதலில் அவள் விரல்கள் என் மணிக்கட்டின்மேல் லேசாகப் பட்டு நின்றன. கிட்ட. பிறகு இறுகின. தட்டினேன். விட்டாள். அடுத்த பட்டனைத் தட்டினேன். இறுகின, விட்டன, இறுகின. அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஒரு இடத்தில் விரல்கள் வந்து தொட்டன, தொட்டபடியே நின்றன. இறுகவே இல்லை. என் விரல் பட்டன்மேல் துடித்தது. தட்டாமல் இருந்தேன். அந்த விரல்கள் இறுகாமலே விலகின. அதன் பிறகு மறுபடியும் பிடித்தாள். முப்பத்தைந்து விநாடி முடிந்து நேரக்கோடு நின்றது. அக்கா மட்டும் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

லீடர் நடுவர்களின் கணக்கைத் திறந்து எங்களுடையதோடு வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். “இங்க ஒரு பாயிண்ட் நிங்கள் கொடுக்கல,” என்றார்.

“கேமராக்காரன் மேல போயிட்டான் சாரே. பிடிக்க வேண்டிய காலு மறைஞ்சுபோச்சு. பிடிச்சானா இல்லையான்னு எனக்குக் காணல. காணாததை எப்படிச் சொல்ல?”

“நடுவரும் கொடுக்கல.” அவர் எழுந்து ஸ்டூலைக் காலால் தள்ளினார். அவர் முகத்திலும் களைப்புத்தான் இருந்தது. “எல்லாம் ஒத்துப்போகுது. பகல்தான், சேச்சி. ஆனா கை பிடிக்கிறதை யாருகிட்டேயும் பறயாதீங்க.”

அவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போகிறவரைக்கும் அக்கா அசையவில்லை. பிறகுதான் என் மணிக்கட்டை விட்டாள். நான் ஒன்றும் ஓடாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் வலது கை, பழக்கதோஷத்தில் ‘விட்டு’ பட்டனைத் தட்டியது.

“அதுக்குப் பாயிண்டு கிட்டாது மோளே,” என்று சொல்லிவிட்டு, அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெடுமங்காடு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.