ஒன்பது மணிச் சங்குக்குப் பிறகு

மலையைச் சுற்றி நடந்ததைப் பற்றி எழுதுகிற எல்லோரும் புண்ணியத்தில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தப் பாதையில் கிடைத்தது ஒரு வாடகை சைக்கிள், அப்பாவின் கைக்கடிகாரம், முன்னால் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்த ஒருத்தனின் முதுகு. ஏழு வாரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். சட்டையில் எந்த இடத்தில் முதலில் வியர்க்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

அவன் என் காலேஜ் செட். நான் டிகிரி வாங்கிவிட்டேன், அவனுக்கு மூணு பேப்பர் நின்றுவிட்டது. ரெண்டு பேரும் வனக்காவலர் வேலைக்கு ஒன்றாகப் போய் மனு போட்டோம், ஒரே ஹாலில் உட்கார்ந்து பரீட்சை எழுதினோம். நடைத் தேர்வுக்குக் கார்டு வந்தது அவனுக்கு. எனக்கு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேட வேண்டாம்.

நடைத் தேர்வு என்றால் பதினாறு மைலை நாலு மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். ஓடக் கூடாது. ஒரு நிமிஷம் தாண்டினாலும் வீட்டுக்குப் போகலாம். அவனுக்கு வயசு வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. இதில் விட்டால் அவன் மாமாவின் ரைஸ் மில்தான். மாமா ஏற்கெனவே ரெண்டு தடவை கூப்பிட்டனுப்பியிருந்தார். அப்பா அம்மா இல்லாத வீடு அவனுடையது. அக்காதான் வளர்த்தாள், அவளும் கல்யாணம் செய்துகொள்ளாமல் பாலர் பள்ளியில் ஆயா வேலை பார்த்தாள்.

அவனிடம் வாட்ச் கிடையாது. என்னிடம் வேலை கிடையாது. அதனால் கூட்டு சேர்ந்தோம். அவன் நடப்பான். நான் மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் பின்னால் வந்து நேரம் பார்ப்பேன். சைக்கிள் வாடகை அவன் பொறுப்பு.

கணக்கு சுலபம். அக்னி லிங்கத்தில் ஆரம்பித்து மலையை ஒரு சுற்று. ரெண்டாவது சுற்றில் ஈசான்ய லிங்கம் வரைக்கும் வந்தால் பதினாறு மைல் ஆகிவிடும். ஈசான்ய லிங்கத்தை ஒட்டித்தான் சுடுகாடு. எல்லைக்கோடு சுடுகாட்டிலா என்று பக்கத்து டீக்கடையில் எங்கள் கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்கு ரேஞ்சர் என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். வியர்த்து வழிய அவன் வரும்போது பெஞ்சிலிருந்து எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்கள். அவனும் சிரித்தபடி திருப்பி அடிப்பான்.

இதில் அவன் ஒரு கிறுக்குத்தனம் வைத்திருந்தான். பதினாறு மைல் முடிந்ததும் உட்கார மாட்டான். சுற்றைப் பாதியில் விடக் கூடாதாம். டவுனுக்குள் போய், கோபுரத்தின் முன்னால் கும்பிட்டு, அக்னி லிங்கம் வரைக்கும் நடந்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். மலை சுற்றும்போது செருப்பும் போட மாட்டான். தேர்வுக்கென்று அக்கா வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தாள். போட்டுப் பழகு என்று அவள் தினமும் கையில் கொடுத்து அனுப்புவாள். அவன் அதைக் கயிற்றால் கட்டி என் ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவான். பதினாறு மைலும் சைக்கிளில் சவாரி செய்தது அந்த ஷூ. மண் படவே இல்லை.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பது ஐம்பத்தைந்துக்கு முடித்தான். இருபத்தைந்து நிமிஷம் ஜாஸ்தி. நான் உண்மையைச் சொன்னேன். அவன் முகம் தொங்கிப்போனது. கோபுரத்தைப் பார்க்க நடந்தான். கும்பலில் ஒருத்தன் சொன்னான், "ரேஞ்சருக்குக் காடும் இல்ல, நாடும் இல்ல." நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ரெண்டாவது வாரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கும்பலுக்குப் பொழுது போக வேண்டும், எனக்கும் போக வேண்டும். அவன் என்னென்ன நம்புவான் என்று பார்ப்போமே என்று ஆரம்பித்தது.

வாட்ச் முள்ளை எப்போது பின்னால் திருப்புவது என்பதுதான் சிக்கல். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நகராட்சிச் சங்கு ஊதும், மலைக்குப் பின்பக்கம்கூட மெல்லக் கேட்கும். சங்கு கேட்டதும் அவன் திரும்பிப் பார்ப்பான், நான் கையை நீட்டிக் காட்டுவேன். டாண் என்று ஒன்பது. "உங்கப்பா வாட்ச் வாட்ச்தான்டா, ஒரு செகண்ட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது," என்பான். வாயு லிங்கம் பக்கம் வந்ததும் நான் கொஞ்சம் பின்தங்கி, சைக்கிளை மிதித்தபடியே வாட்சின் திருகைப் பிடித்து முள்ளைப் பின்னால் தள்ளுவேன். முதல் வாரம் ஐந்து நிமிஷம். அப்புறம் பத்து, அப்புறம் பதினைந்து. ஒரேயடியாகத் தள்ளினால் சந்தேகம் வரும், பாருங்கள்.

எல்லைக்கு வந்து மூச்சு வாங்க நின்றவனிடம் கையை நீட்டுவேன். நாலு மணி இருபது நிமிஷம். அடுத்த வாரம் நாலு பதினைந்து. போகப் போக நாலே மணி. அவன் சந்தோஷமாக டவுன் பக்கம் நடந்து மறைந்ததும், டீக்கடையில் உட்கார்ந்து கும்பல் முன்னால் முள்ளைப் பழையபடி முன்னால் தள்ளி வைப்பேன். அவர்கள் கை தட்டுவார்கள். எனக்கு டீ இலவசம்.

உண்மையில் அவன் நேரம் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. தேறிவிட்டோம் என்ற நினைப்பில் நடை இன்னும் மந்தமானது. வழியில் பேச ஆரம்பித்தான். இது வெப்பாலை, இது உசிலை, இது ஆயா மரம் என்று பேர் சொல்வான். முள்ளம்பன்றி முள் ஒன்று கிடந்தால் குனிந்து எடுப்பான், கௌதாரி கத்தினால் நிற்பான். மலை அப்போது மொட்டையாக இருந்தது. பாறையும் எலுமிச்சைப் புல்லும்தான், அந்தப் புல்லையும் வருஷா வருஷம் எவனாவது கொளுத்திவிடுவான். "ஃபாரஸ்ட் கார்டா வந்தேன்னா இங்கியே போஸ்டிங் கேப்பேன்டா. பத்து வருஷம் குடுத்தா நெழல்லயே சுத்தி வர்ற மாதிரி பண்ணிடுவேன்," என்றான் ஒரு நாள். நான் பெல் அடித்து, முதலில் நட என்றேன். அது ஒன்றுதான் நான் அவனுக்குச் சொன்ன நல்ல வார்த்தை. அதையும் கிண்டலாகத்தான் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை ஆசிரமம் பக்கம் எதிரில் வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் அவன் நடையைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைத் தட்டிக் காட்டி மணி கேட்டார். அவன் பெருமையாக என்னைக் கைகாட்டினான். ஊருக்கே நான்தான் மணிக்கூண்டு போல.

ஏழாவது வாரக் கடைசியில் மூணு மணி ஐம்பத்தைந்து நிமிஷம் என்று காட்டினேன். உண்மை நாலு இருபத்தேழு. அவன் என் ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "எனக்குக் கடைசி மூணு மைல்தான்டா பலம். கவனிச்சியா? ஒம்போது மணிக்கு அப்புறம்தான் வேகம் புடிக்கிறேன்."

பிடிக்காமல் என்ன செய்யும்? ஒன்பது மணிக்கு அப்புறம்தானே நான் முள்ளைத் தள்ளினேன்.

தேர்வு போளூர் ரோட்டில் நடந்தது. வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஆரம்பித்து எட்டு மைல் போய்த் திரும்பி வர வேண்டும். ஐம்பது அறுபது பேர் நம்பர் துணி குத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆபீசர், ஒரு ஜீப், விசில். சரியாக ஆறு மணிக்கு விட்டார்கள். கூட வருபவர்கள் சைக்கிளில் ஓரமாக வரலாம் என்றார்கள், அதனால் வழக்கம் போலப் பின்னால் போனேன். அன்று முள்ளைத் தொடவில்லை. தொட்டு என்ன ஆகப்போகிறது, அங்கே கணக்கு ஆபீசர் வாட்ச்தானே.

ஒரு மைல் தாண்டியதும் அவன் ஷூவைக் கழற்றி என்னிடம் நீட்டினான். கடிக்கிறதா என்றேன். கடிக்கவில்லை, காலுக்கு என்னவோ மாதிரி இருக்கிறது என்றான். ஷூ மறுபடி ஹேண்டில்பாரில் ஏறியது. வெறுங்கால் தரையில் பட்டதும் அவன் நடை பழைய நடை ஆனது. அதே முதுகு, அதே இடத்தில் வியர்வை.

எட்டாவது மைலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒருத்தர் நம்பர் குறித்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பும்போது என்னிடம் மணி கேட்டான்.

"எட்டு பத்து," என்றேன். அது உண்மை.

முன்னால் போன கூட்டத்தில் பாதி கண்ணுக்கே தெரியவில்லை. அவன் பதறவில்லை. ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பத்து நிமிஷம்தான ஜாஸ்தி. கடைசியில புடிச்சிடலாம். இப்பவே ஏன் அடிச்சிக்கினு போறானுங்க, அங்க போயி மூச்சு வாங்கப் போறானுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். எட்டு மைல் மீதி இருந்தது. உனக்குக் கடைசி வேகம் என்று ஒன்று கிடையாதுடா, இப்போதே விரட்டு என்று ஒரு வார்த்தை போதும். பிடித்தாலும் பிடித்திருப்பான், அவன் கால் அப்படி. நான் பெடலை மிதித்துக்கொண்டு ரோட்டோரப் புளியமரங்களை எண்ணினேன். ஆபீசர் விசில் ஊதும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதுதான் நிஜம்.

பதிமூணாவது மைலில் அவன் வேகம் பிடித்தான். அதாவது பிடிப்பதாக நினைத்துக்கொண்டான். கை வீச்சு பெரிசானது, மூச்சு பெரிசானது, பாதை மட்டும் சுருங்கவில்லை. ஒன்பதரைக்குப் பிறகு என்னிடம் மணி கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய அவசியம் அவனுக்குத் தோன்றவில்லை.

ஏரிக்கரைக்கு வந்தபோது எல்லைக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தேறியவர்கள் மரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் ஜீப்பின் பானட்டில் பேப்பர் வைத்து எழுதிக்கொண்டே, இருபது நிமிஷம் லேட், அடுத்த நம்பர் என்றார்.

அவன் சிரித்தான். தப்பு அவர் பக்கம் என்று அவ்வளவு உறுதி அவனுக்கு.

"சார், உங்க வாட்ச் கொஞ்சம் ஃபாஸ்டு சார்."

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். அவன் என் கையைப் பிடித்து ஜீப் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். சைக்கிள் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இந்த வாட்ச்சப் பாருங்க சார். ஏழு வாரமா இதுலதான் நடந்தேன். சங்குக்குக் கரெக்டா இருக்கும் சார். மூணே முக்காலுக்கு மேல பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கேன்."

ஆபீசர் கெட்டவர் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ரெண்டு வாட்ச், நாலு முள். பத்து இருபத்தொண்ணு, பத்து இருபத்தொண்ணு.

"இது இன்னாப்பா சொல்லுது?" என்றார் அவனிடம்.

அவன் ரெண்டு வாட்சையும் பார்த்தான். அப்புறம் திருகைப் பார்த்தான். கடைசியில் என் கட்டைவிரலைப் பார்த்தான். ஆறு வாரம் திருகியதில் நகத்தோரம் தோல் காய்த்திருந்தது. அவன் என் கையை விட்டான்.

"இன்னிக்கு மட்டும் கரெக்டா வெச்சிருக்கிற," என்றான்.

அவ்வளவுதான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நானும் ரெண்டு கொடுத்துவிட்டு முடித்திருப்பேன். அவன் போய்க் கீழே விழுந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நேராக்கி, மாட்டியிருந்த ஷூவின் மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வா என்றான். கேரியரில் ஏறி உட்கார்ந்தான். வேங்கிக்காலிலிருந்து டவுன் வரை நான்தான் மிதித்தேன். பாரம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

அக்கா கேசரி கிண்டி வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றாள். அவன் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஷூ கடிச்சிடுச்சிக்கா," என்றேன். என் வாய்க்கு அதுதான் முதலில் வந்தது.

அவள் ஹேண்டில்பாரிலிருந்து ஷூவை அவிழ்த்தாள். உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். கடைக்காரன் ஒரு சைஸ் பெரிசு எடுக்கச் சொன்னானாம், இவள்தான் லூசாக இருந்தால் நடக்க வராது என்று சின்னதை எடுத்தாளாம். அதையே மூணு தடவை சொன்னாள். நான்தான் கெடுத்துட்டேன், நான்தான் கெடுத்துட்டேன் என்று ஷூவின் நாக்கை இழுத்து இழுத்து விட்டாள். கண்ணீர் கேன்வாஸில் விழுந்து ஊறியது.

நான் அவனைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவான் என்று தெரிந்தது. அவன் அக்காவிடம் திரும்பினான்.

"ஷூ மேல ஒண்ணும் தப்பு இல்லக்கா. சைஸு சரிதான். நான்தான் மெதுவா நடந்துட்டேன்." பிறகு, "கேசரி ஆறிடப் போவுது. இவனுக்கு ஜாஸ்தியா வை. ஏழு வாரம் எனக்காக வெயில்ல சுத்தினான், பாவம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை போட்டாள். சாப்பிடு தம்பி, நீ இல்லன்னா இவ்ளோ தூரம்கூட வந்திருக்க மாட்டான் என்றாள். நான் சாப்பிட்டேன். இலையில் தீரத் தீர அவன் அக்காவுக்குக் கண் காட்டினான், அவள் வைத்தாள். போதும் என்று ரெண்டு தடவை சொன்னேன். அவன் எழுந்து வந்து எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டான். மூணாவது தடவை நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஷூவை எடுத்து என் கையில் கொடுத்தான். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எடுத்துக்கினு போடா. உனக்குத்தான் பழக்கம், ஏழு வாரமா சுமக்கிற."

அடுத்த திங்கட்கிழமை அவன் மாமா மில்லுக்குப் போனான். நெல் காயவைக்கிற களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு வெயிலில் நாள் பூராவும் நடக்க வேண்டும். இந்தக் கோடி, அந்தக் கோடி, வெறுங்கால். அந்தப் பக்கம் போனால் ரோட்டிலிருந்தே தெரியும். முதுகு எனக்கு மனப்பாடம் என்பதால் ஐம்பது பேர் நடந்தாலும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவேன். டீக்கடைக் கும்பல் இன்னும் ரேஞ்சர் என்றுதான் சொல்கிறது.

ஷூ எனக்குச் சரியாக இருந்தது. நல்ல ஷூ. ரெண்டு வருஷம் உழைத்தது.