நெல் பணத்துக்கு வந்த வட்டி

பிள்ளைகளே, நான் பஸ் டிப்போ மெக்கானிக். நீடாமங்கலம் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. மகள் ஸ்டெல்லாவின் நர்சிங் படிப்புக்காக நெல் விற்ற பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டு வந்தேன். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதன் வட்டிக்கும் இருக்காது என்று நினைத்து வருமான வரிக் கணக்கில் வட்டியைக் காட்டவில்லை.

அவள் பிளஸ் டூ முடித்த வருடம் நோட்டீஸ் வந்தது. ஆடிட்டரிடம் ஓடினேன்.

"நெல்லு வயல்ல வெளைஞ்சுது, சரி. வட்டிக்காக பேங்கையும் உழுது நட்டீங்களா? வட்டிக்கு வரி உண்டுங்க."

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் சாகுபடியும் இல்லை. வரியும் அபராதமும் கட்டியபின் மிஞ்சியது ஃபீஸுக்குப் போதவில்லை.

"விடுங்கப்பா, நான் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போறேன். தம்பியாவது படிக்கட்டும்" என்றாள் ஸ்டெல்லா.

இப்போது வரிக் கணக்குக் கொடுக்கும்போது முதலில் வட்டியைத்தான் சொல்கிறேன். அந்த டெபாசிட்டில் இன்று இருப்பது ஸ்டெல்லா அனுப்பும் சம்பளம்.